கருக்கமுனைக்கு வெளியே நின்ற புயல்

எங்க ஊருக்கு வராத புயலே கிடையாது. வங்கக் கடல்ல எந்த மூலையில ஒரு காத்து தலைசுத்திக் கெளம்பினாலும் சரி, ஆந்திராவுக்குப் போறேன், ஒரிசாவுக்குப் போறேன்னு ஊருக்கெல்லாம் போக்குக் காட்டிட்டு, ரேடியோக்காரனை முட்டாளாக்கிட்டு, கடைசியில கருக்கமுனைக்குத்தான் வந்து சேரும். ஏன்னா கருக்கமுனைதான் கடலுக்குள்ள மூக்கை நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு. நீட்டின மூக்கை எவன் குத்தாம போவான்?

நான் சமுத்திரவல்லி. கருவாடு விக்கிறவ. எனக்கு வாய் நீளம்னு ஊர்ல சொல்லுவாங்க. கருவாட்டுக் கூடையோட பஸ்ஸுல ஏறுற பொம்பளைக்கு வாய் நீளம் இல்லன்னா கண்டக்டர் பாதி வழியிலேயே எறக்கி விட்டுருவான், அதனால நீளமாத்தான் வச்சிருக்கேன்.

வானிலைக்காரங்க புயலுக்கு வாயில நொழையாத பேரெல்லாம் வைப்பாங்க. அதுவும் பொறக்கறதுக்கு முன்னாடியே. நாங்க அப்படி இல்ல. அது வந்து, அடிச்சு, போனப்புறம், எதைத் தூக்கிட்டுப் போச்சுன்னு நிதானமாப் பாத்துட்டுத்தான் பேரு வைப்போம். எங்க மாமியா பொறந்தது கழுதைப் புயல்ல. உப்பளத்துக் கழுதைங்க அத்தனையும் மறுநாள் காலையில பள்ளிக்கூடத்து ஓட்டு மேல நின்னு கத்துச்சாம். நான் வாக்கப்பட்டது பந்தல் புயல்ல. முதல் முடிச்சு போடறப்போ தலைக்கு மேல இருந்த பந்தல் மூணாவது முடிச்சுக்கு இல்ல. என் மூத்தவன் பொறந்தது தென்னைப் புயல்ல. ஒரு தடவை வந்தது புயலே இல்ல, கடலே எழுந்து வந்துச்சு. அதுக்கு மட்டும் நாங்க பேரு வைக்கல. அது எடுத்துட்டுப் போனதைச் சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல.

புயலுக்குன்னு எங்க ஊர்ல ஒரு மொறை உண்டு. வீடு கட்டுறப்பவே கடலைப் பாத்து ஒரு கதவு, அதுக்கு நேர் பின்னால ஒரு கதவுன்னு வச்சிருவோம். புயல் வருதுன்னா ரெண்டையும் அகலத் தொறந்து, அடிச்சுக்காம இருக்கக் கல்லை முட்டுக் குடுத்து, "வந்தது வந்துட்ட, நடுவீட்டுல நிக்காம போயிரு"ன்னு வாய்விட்டுச் சொல்லிட்டு மேட்டுக்குப் போயிருவோம். காத்து முன்னால நொழஞ்சு பின்னால போயிரும். சட்டி பானை உருளும், கூரை கொஞ்சம் பிச்சுக்கும், சுவரு நிக்கும். இதைச் சொன்னா இன்ஜினியருங்க சிரிப்பாங்க. சிரிக்கட்டும், அவங்க கட்டின பாலம் எத்தனை நின்னுச்சுன்னு எங்களுக்கும் தெரியும்.

இந்த மொறையைக் கெடுத்தது கிரைண்டர் புயல். அதுலயும் எல்லாரும் கதவைத் தொறந்து போட்டுட்டுத்தான் மேட்டுக்குப் போனோம். புயல் ரொம்ப மரியாதையா வந்து, ரெண்டு தென்னையைச் சாச்சுட்டுப் போயிருச்சு. திரும்பி வந்து பாத்தா வீட்டுக்கு வீடு கிரைண்டரைக் காணோம், கேஸ் சிலிண்டரைக் காணோம். புயல் எந்த ஊர்லயும் கிரைண்டரை மட்டும் பாத்துப் பாத்து எடுத்துட்டுப் போகாது. பக்கத்து ஊரு மேலக்கோட்டகத்துக்காரனுங்க வண்டி கொண்டாந்து அள்ளிட்டுப் போயிட்டானுங்க. அன்னிக்கே எங்க பஞ்சாயத்துத் தலைவர் தங்கவேலாயுதம் கோயில் வாசல்ல நின்னு சொல்லிட்டாரு: "இனிமே எவன் வீட்டுக் கதவும் தொறந்திருக்கக் கூடாது. முன்னாலயும் பூட்டு, பின்னாலயும் பூட்டு. சாவியெல்லாம் ஒரே கொடத்துல. கொடம் எங்கிட்ட." ஊரே ஆமா ஆமான்னுச்சு. புயலைப் பத்தி யாரும் பேசல, பேச்செல்லாம் கிரைண்டரைப் பத்தித்தான்.

அப்படி இருக்கறப்போதான் கார்த்திகை மாசத்துல ஒரு புயல் கெளம்புச்சு. மைக் கட்டின ஆட்டோ தெருத் தெருவா வந்து "மேடான பகுதிக்குச் செல்லவும்"னு கத்துச்சு. எல்லாரும் பித்தளைக் கொடத்துல சாவியைப் போட்டோம். தலைவர் அதும் வாயில துணியைக் கட்டித் தோள்ல வச்சுக்கிட்டாரு. போலீஸ் வேன்ல ஏத்தி எங்களைப் புயல் பாதுகாப்பு மையத்துல எறக்குனாங்க. அது தூண் மேல நிக்கிற மாடிக் கட்டடம். புயல் இல்லாத நாள்ல கீழ தலைவரோட வலையும் மேல தலைவரோட ஆடும் இருக்கும். ஆட்டை ஓட்டிட்டு எங்களை ஏத்துனாங்க.

ஒருத்தி மட்டும் வேன்ல ஏற மாட்டேன்னா. அஞ்சலாட்சி. என் வீட்டுக்கு அடுத்த வீடு, கடலோர வரிசையில கடைசி வீடு. அவ புருசன் மாசிலாமணியும் கொழுந்தன் பக்கிரிசாமியும் ஃபைபர் படகுல விடியக்காலம் போயிருந்தாங்க. ஆட்டோ வந்தது பத்து மணிக்கு. மத்த படகெல்லாம் திரும்பிருச்சு, அவங்க படகு மட்டும் வரல. கரையில நின்ன அவளை ரெண்டு போலீஸ் கையப் பிடிச்சு இழுத்தாந்து ஏத்துனாங்க. மையத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் அவ கடல் இருக்கற பக்கமே திரும்பி உக்காந்திருந்தா.

சாயங்காலம் புயல் வந்துச்சு. வந்துச்சு, நின்னுச்சு. அவ்வளவுதான். கரையிலேருந்து கூப்புட்டா கேக்குற தூரத்துல, கடல்லேருந்து வானம் வரைக்கும் கறுப்பாச் சுத்திக்கிட்டே நின்னுச்சு. எங்க பக்கம் ஒரு ஓலை ஆடல. நாங்க மாடியில வரிசையா நின்னு பாத்தோம். "என்னா நிக்கிது?"ன்னு யாரோ கேட்டாங்க. "வர்றப்ப வரட்டும், சாம்பார் ஆறுது"ன்னு யாரோ சொன்னாங்க. எல்லாரும் கீழ எறங்கிட்டோம்.

மறுநாளும் நின்னுச்சு. அதுக்கு மறுநாளும். டிவியில ஒரு ஆபீசர் வந்து "நாளை மாலை கரையைக் கடக்கும்"னாரு. நாளைக்கு வந்து "நாளை மாலை"ன்னாரு. கார்த்திகை போயி மார்கழி போயி தை பொறந்தும் அவரு அதையேதான் சொன்னாரு, சட்டை மட்டும் மாத்திக்கிட்டாரு. தொறைமுகத்துல ஏத்துன எச்சரிக்கைக் கூண்டுல காக்கா கூடு கட்டி முட்டை வச்சுது. குஞ்சு பொரிக்கிற வரைக்கும் எறக்க வேண்டாம்னு ஒரு சங்கத்துக்காரங்க மனு குடுத்தாங்க. மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு மைக்கோட வந்த டிவிப் பையன் ஒருத்தன், காத்து வேணுமேன்னு எங்க பொடிப்பயலுகளை விட்டு ஓலையை ஆட்டச் சொல்லிட்டு, அதுக்கு முன்னால நின்னு "பலத்த காற்று"ன்னு கத்துவான். அவன் அப்படியே இங்கயே தங்கி, உப்பளத்துக் கணக்கர் மகளைக் கட்டிக்கிட்டு, இப்ப ஊர் மாப்பிள்ளை. அவனுக்கு மொத தடவையா வெயில்ல நின்னு பேசற மாதிரி ஒரு வேலை கெடைக்கணும்னு அவன் மாமியா நேந்துக்கிட்டிருக்கு.

பொதுவா புயல்னா மூணு வேளை சோறு, ஒரு போர்வை, அடுத்த நாள் வீட்டுக்குப் போன்னு சொல்லிருவாங்க. இந்தப் புயலுக்கு அப்படிச் சொல்ல முடியல. கடக்கற வரைக்கும் முகாம் நடத்தணும்னு சட்டமாம். நடத்துனாங்க. காலையில உப்புமா, மத்தியானம் சாம்பார் சாதம், சனிக்கெழமை முட்டை. ஆறு மாசத்துப் புள்ளைங்கல்லாம் முகாம்லயே பல்லு மொளைச்சு, முகாம்லயே நடை பழகுச்சுங்க. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, அந்த லீவு முடியாம, அரைப் பரீட்சையைத் தள்ளி முழுப் பரீட்சையையும் தள்ளி, கடைசியில வாத்தியாருங்களும் பாயைச் சுருட்டிக்கிட்டு எங்களோடயே வந்து படுத்துக்கிட்டாங்க. நல்ல ஃபேன். கரண்டு போனா ஜெனரேட்டர். என் வீட்டுல ஆயுசுக்கும் பாக்காத சொகம். நான் கொறை சொல்லுவேனா? ரசத்துல பூண்டு போடலைன்னு மட்டும் சொல்லுவேன்.

அப்புறம் பேரிடர்க் குழுன்னு ஒண்ணு வந்துச்சு. பெரிய வரைபடத்தைச் சுவத்துல மாட்டி, இந்தத் தாலுக்காவுல எந்த ஊருக்கு எவ்வளவு ஆபத்துன்னு கலர் அடிச்சுக் காட்டுனாங்க. பச்சைன்னா பயமில்ல, மஞ்சள்னா கொஞ்சம், செவப்புன்னா போச்சு. கருக்கமுனை செவப்பு. அதுலயும் ரத்தச் செவப்பு. எங்காளுங்க கைதட்டுனாங்க. மேலக்கோட்டகம் வெறும் மஞ்சள். கிரைண்டர் திருடினவனுங்களுக்கு அதுவே அதிகம்னு தலைவர் சொன்னாரு. அன்னிலேருந்து செவப்பு ஊர்க்காரங்கன்னு எங்களுக்கு ஒரு கெத்து. மஞ்சள் ஊர்லேருந்து ஒரு சம்பந்தம் வந்தப்போ, பையன் நல்ல பையன், படகு சொந்தமா வச்சிருக்கான், இருந்தாலும் "உங்க பக்கம் ஆபத்து ரொம்பக் கம்மியா இருக்கே"ன்னு பொண்ணு வீட்டுல யோசிச்சாங்க.

அந்தக் குழு தெனமும் காலையில ஒத்திகை நடத்தும். ஆபத்துல மாட்டிக்கிட்டவனை எப்படிக் காப்பாத்தறதுன்னு பழகறது. மாட்டிக்கிட்டவனா நடிக்கறதுக்குச் சிகாமணியைப் பிடிச்சாங்க. சோம்பேறிப் பய, படுக்கச் சொன்னா அவனை அடிச்சுக்க ஆள் இல்ல. மணல்ல மல்லாந்து படுத்து "ஐயோ காப்பாத்துங்க"ன்னு அவன் அனத்துற அனத்தலுக்குக் கல்லும் எந்திரிச்சு ஓடி வரும். இளவட்டங்க எட்டுப் பேரு ஆரஞ்சுச் சட்டை மாட்டிக்கிட்டு, விசில் ஊதி, கயிறு கட்டி, அவனை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிக்கிட்டு ஓடுவாங்க. அக்கம்பக்கத்து ஊர் ஒத்திகைக்கெல்லாம் அவனைக் கூட்டிட்டுப் போனாங்க. தெனமும் காப்பாத்திக் காப்பாத்திச் சிகாமணிக்குத் தொப்பையே விழுந்துருச்சு.

அஞ்சலாட்சி மட்டும் தெனமும் காலையிலயும் சாயங்காலமும் கரைக்குப் போயி அந்தக் கறுப்பைப் பாத்துக்கிட்டு நிப்பா. மாசி மாசம் ஒரு நாள் ஓடி வந்தா. மூச்சு வாங்குது.

"அக்கா, இஞ்சின் சத்தம் கேக்குதுக்கா. அதுக்குள்ளேருந்து."

"எந்த இஞ்சின்டி?"

"எங்க இஞ்சின்க்கா. பொட்டுப் பொட்டுன்னு மூணு தடவை அடிச்சுட்டு ஒரு தடவை இருமும்ல, அது. உள்ளுக்குள்ள சுத்திக்கிட்டே இருக்காங்க. வெளிய வர வழி கெடைக்கல. உசுரோட இருக்காங்கக்கா!"

நானும் போயி காதைக் குடுத்துக் கேட்டேன். பொய் சொல்லக் கூடாது, கேட்டுச்சு. மூணு பொட்டு, ஒரு இருமல். அவளைக் கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் அழுதோம். அழுதுட்டு நான் சாப்பாட்டு மணி அடிச்சிருச்சுன்னு வந்துட்டேன்.

அவ தாசில்தார் அம்மாகிட்டப் போனா. தாசில்தார் அம்மா கெட்டவங்க இல்ல, படிச்சவங்க, எல்லாத்துக்கும் சட்டம் வச்சிருந்தாங்க.

"மேடம், எம்புருசனும் கொழுந்தனும் அதுக்குள்ள இருக்காங்க. தேடச் சொல்லுங்க மேடம்."

"ஏம்மா, புயல் இன்னும் கரையையே கடக்கலை. கடந்தாத்தாம்மா சேதம் பாக்க முடியும், காணாமப் போனவங்களைத் தேட முடியும். இப்போதைக்கு உன் வீட்டுக்காரர் காணாமப் போகல."

"அப்ப எங்க இருக்காரு?"

"நீதானம்மா சொல்ற, உள்ள இருக்காருன்னு."

அதுக்கு மேல என்னத்தைக் கேக்கறது? நேரா ஒத்திகை நடக்கற எடத்துக்குப் போனா. சிகாமணியை ஸ்ட்ரெச்சர்ல தூக்கியிருந்தாங்க. வழியை மறிச்சுக்கிட்டு நின்னா.

"இந்தத் தடிப்பயலைத் தெனமும் தூக்குறீங்களே, அந்தா கடல்ல ரெண்டு உசுரு கெடக்கு, அதைத் தூக்க மாட்டீங்களாடா?"

ஆரஞ்சுச் சட்டைக்காரனுங்களுக்கு மொகம் ஒரு மாதிரி ஆயிருச்சு. எல்லாம் மாசிலாமணிகூடக் கடலுக்குப் போனவனுங்கதான். "இது ஒத்திகை அண்ணி. நெசம் வர்றப்போ கண்டிப்பாத் தூக்குவோம்"னு ஒருத்தன் சொன்னான். ஸ்ட்ரெச்சர்ல படுத்திருந்த சிகாமணி, "சீக்கிரம் பேசி முடிங்க, வெயில் மூஞ்சியில அடிக்குது"ன்னான்.

புயல் ஏன் நிக்கிதுன்னு கண்டுபிடிக்கறதுக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்ல, ஊர்ல பாதிப் பேருக்கு அது தெரிஞ்சுதான் இருந்துச்சு. தெனமும் பொழுது சாயற நேரத்துல அந்தக் கறுப்புலேருந்து ஒரு முழம் காத்து மட்டும் தனியாப் பிரிஞ்சு கரையேறி வரும். கடலோரத் தெருவுல ஒவ்வொரு வீடாப் போயி, முன்கதவுப் பூட்டை ஒரு ஆட்டு ஆட்டிப் பாக்கும். சுத்திக்கிட்டுப் போயி பின்கதவுப் பூட்டையும் ஆட்டிப் பாக்கும். கடைசி வீடு வரைக்கும் பாத்துட்டு, திரும்பக் கடலுக்குப் போயிரும். பொறந்ததுலேருந்து தொறந்த கதவைப் பாத்துப் பழகின வம்சத்துப் புயல், பூட்டின வீட்டுக்குள்ள எப்படி வரும்? அதுக்கு இருந்த மானம் ரோசம் எங்களுக்கு இல்ல, நாங்க மாடியில நின்னு "சில்லுனு காத்து வருது பாரு"ன்னு சட்டையைத் தளத்தி விட்டுக்கிட்டோம். யாரும் அதைப் பத்தி வாயைத் தொறக்கல. தொறந்தா முகாம் முடிஞ்சுரும்.

அஞ்சலாட்சி வாயைத் தொறந்தா. பங்குனி பொறந்த அன்னிக்கு, எல்லாரும் தட்டோட வரிசையில நிக்கறப்போ, தலைவர் முன்னால போயி கையை நீட்டினா.

"சாவியைக் குடுங்க தலைவரே."

"எந்தச் சாவி?"

"எங்க வீட்டுச் சாவி. அது வந்து வாசல்லயே நிக்கிது. ஒரு வீட்டையாவது தொறந்து விட்டா வந்துட்டுப் போயிரும். அது போனாத்தான் எம்புருசன் வெளிய வர முடியும்."

தலைவர் கொடத்து மேல கையை வச்சுக்கிட்டாரு. "ஒன் ஒருத்தி வீட்டுக்காக ஊரையே பலி குடுக்கச் சொல்றியா? அது வந்தா என்னாவும்னு தெரியுமா? செவப்பு, நம்ம ஊரு செவப்பு!"

"ஊருக்காகவா சொல்றீங்க, உப்புமாவுக்காகவா?"

"ஏய், வார்த்தையை அளந்து பேசு. ஊர்க் கட்டுப்பாட்டை மீறினா தள்ளி வச்சிருவோம்."

"நாங்க மூணு பேரும் இப்ப எங்க இருக்கோமாம்? தள்ளித்தான இருக்கோம்!"

தலைவர் ஊர்ப் பக்கம் திரும்பி, சாவி குடுக்க வேண்டாங்கறவங்க கையைத் தூக்குங்கன்னாரு. தட்டு இல்லாத கையெல்லாம் மேல போச்சு. நீ தூக்கினியான்னு என்னைக் கேக்காதீங்க. நான் கை கழுவப் போயிருந்தேன்.

அஞ்சலாட்சி வரிசையை விட்டுப் போயிட்டா. மறுநாள் முற்பகல், கீழ ஒத்திகைக்கு விசில் ஊதிக்கிட்டிருந்தப்போ, புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டுத் தெருவுல தனியா நடந்து போனா. மாடியிலேருந்து எல்லாரும் பாத்தோம். அவ வீட்டு ஓரத்துல மாசிலாமணியோட பழைய நங்கூரம் கெடந்துச்சு. ரெண்டு கையாலயும் தூக்கி முன்கதவுப் பூட்டு மேல போட்டா. தெறிச்சுச்சு. வீட்டைச் சுத்திப் போயி பின்கதவுப் பூட்டையும் ஒடைச்சா. ரெண்டு கதவையும் அகலத் தொறந்து கல்லை முட்டுக் குடுத்தா. அப்புறம் வாசல்ல வந்து நின்னு, கடலைப் பாத்துக் கத்தினா. காத்தே இல்லாத ஊர்ல அவ சொன்னது ஒரு எழுத்து விடாம எங்களுக்குக் கேட்டுச்சு.

"வந்தது வந்துட்ட! வா! என்னா வேணுமோ எடுத்துக்க! எம்புருசனையும் கொழுந்தனையும் எறக்கி விட்டுட்டுப் போ!"

சொல்லிட்டு ஓடிப்போயி எங்க வீட்டுச் சுவத்தோரம் தலையைப் பிடிச்சுக்கிட்டுக் குத்துக்கால் போட்டு உக்காந்துட்டா.

புயல் வந்துச்சு. வானத்தை அடைச்சுக்கிட்டு நின்ன அம்மாம் பெரிய புயல், ஊசிக் காதுல நூல் கோக்கறப்போ எச்சி தொட்டுத் திரிச்சுக்குவோமே அப்படித் தன்னைத் திரிச்சுக்கிட்டு, அந்த ஒரு முன்கதவு வழியா நொழஞ்சு அந்த ஒரு பின்கதவு வழியா வெளிய போச்சு, போச்சு, போயிக்கிட்டே இருந்துச்சு, நாங்க மூச்சு விடாம பாத்துக்கிட்டே இருந்தோம். பக்கத்துல எங்க வீட்டுக் கொடியில நான் கார்த்திகையில காயப் போட்டு மறந்த புடவை ஆடக்கூட இல்ல. அவ வீடு மட்டும் போச்சு. இத்தனை மாசம் வாசல்ல நின்ன கோவமோ என்னமோ, மொத ஓடு போச்சு, அப்புறம் கட்டில், பீரோ, அடுப்பு, அப்புறம் சுவரு, கடைசியில ரெண்டு கதவும் நிலையோட பேந்து போச்சு. பனங்காட்டு வழியா மேக்கால போயி, மேலக்கோட்டகத்துல மழையாக் கொட்டி அவங்க ஏரியை நெரப்பிட்டுப் போயிருச்சு. மஞ்சள் ஊர்க்காரனுக்கு வந்த யோகம்.

கடல் வெளுத்துச்சு. மூணு பொட்டு, ஒரு இருமல். ஃபைபர் படகு அலை மேல ஏறி வந்து மணல்ல முட்டுச்சு. மாசிலாமணியும் பக்கிரிசாமியும் குதிச்சாங்க. ரெண்டு பேருக்கும் தாடி மீசை ஒரு நூல்கூடக் கூடல. பொட்டியில மீனு துள்ளிக்கிட்டிருந்துச்சு. அவங்களுக்கு அது இன்னும் கார்த்திகை மாசத்து அதே பகல்தான். மாடியிலேருந்து எறங்கி ஊரே கரைக்கு ஓடி வர்றதைப் பாத்துட்டு மாசிலாமணி கேட்டான், "என்னாடா இம்புட்டுக் கூட்டம், யாரு செத்துட்டா?"

அஞ்சலாட்சி போயி அவன் கன்னத்துல விட்டா ஒண்ணு. அப்புறம் அவன் சட்டையைப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதா. அவ்வளவு பேரு முன்னாலயும், கூச்சநாச்சம் இல்லாம, இத்தனை மாசத்தையும் சேத்து வச்சு அழுதா. அவன் ஒண்ணும் புரியாம அவ முதுகைத் தடவிக்கிட்டே வீட்டுப் பக்கம் பாத்தான். வீடு இருந்த எடத்துல பனங்காடு தெரிஞ்சுச்சு.

"அஞ்சலா, வீடு எங்கடி?"

"உங்களுக்குப் பதிலாத்தான் குடுத்தேன்"னா.

அதுக்குள்ள தாசில்தார் அம்மா ஜீப்புல வந்துட்டாங்க. புயல் கரையைக் கடந்தது, உயிர்ச்சேதம் இல்லைன்னு போன்ல மேல சொன்னாங்க. மேலேருந்து ரொம்பப் பாராட்டுனாங்க போல, மொகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் சட்டத்தைச் சொன்னாங்க. கடந்துட்டதால பாதிக்கப்படாதவங்கல்லாம் இப்பவே வீட்டுக்குப் போகலாம். பாதிக்கப்பட்டவங்களுக்கு மட்டும் முகாம் தொடரும். பாதிக்கப்பட்டது ஒரு வீடு. அந்த வீட்டுல மூணு பேரு.

அன்னிக்குன்னு பாத்து முட்டை பிரியாணி. ஆபீசருங்க வர்றாங்கன்னு விசேஷமாப் போட்டிருந்தாங்க, வாசம் தெருவரைக்கும் வந்துச்சு. அம்மாம் பெரிய கூடத்துல, அத்தனை ஃபேனும் சுத்த, நடுவுல மூணு எலை போட்டு மூணு பேரை உக்கார வச்சாங்க. கேட்டைச் சாத்தி ஒரு போலீஸ்காரர் நின்னாரு. நாங்க ஊரு மொத்தமும் பழக்கதோஷத்துல வெளிய வரிசையில நின்னோம். தலைவர் கொடத்தை எறக்கி வச்சுட்டுக் கம்பியைப் பிடிச்சு ஆட்டினாரு.

"ஊர்க் கட்டுப்பாட்டை ஒடைச்சவளுக்குச் சோறு, கட்டுப்பட்ட எங்களுக்குப் பட்டினியா? எங்க எல்லார் வாயிலயும் மண்ணள்ளிப் போட்டுட்டாளே மாசிலாமணி, ஒம் பொண்டாட்டி! எந்திரிச்சு வந்து ஊருகிட்ட மன்னிப்புக் கேக்கச் சொல்லு!"

மாசிலாமணி கையில எடுத்த சோத்தை எலையிலயே போட்டுட்டு அவளைப் பாத்தான். "எத்தனை நாளுடி ஆச்சு நாங்க போயி?"ன்னு கேட்டான். அவ காதோரமா என்னமோ சொன்னா. பக்கிரிசாமி எலையைப் பாத்துக் குனிஞ்சுக்கிட்டான். அஞ்சலாட்சி எந்திரிச்சா. கேட் கம்பிக்கிட்ட வந்தா. மன்னிப்புத்தான் கேக்கப் போறான்னு தலைவர் துண்டைச் சரி பண்ணிக்கிட்டாரு.

அவ எங்க ஒவ்வொருத்தர் மூஞ்சியையும் பாத்தா. ஆரஞ்சுச் சட்டைக்காரனுங்களைப் பாத்தா, சிகாமணியைப் பாத்தா, வாத்தியாருங்களைப் பாத்தா, என்னையும் பாத்தா. சத்தம் போடல. சாதாரணமாத்தான் கேட்டா.

"சோத்துக்கு இம்புட்டுப் பேரு வந்து நிக்கிறீங்களே. கரையில ஒரு நாளு, ஒருத்தராவது எங்கூட வந்து நின்னீங்களா?"

அவ திரும்பிப் போயி புருசன் எலையில இன்னும் ரெண்டு கரண்டி வச்சா. நான் கீழ குனிஞ்சு பாத்தேன். எங்கையிலயும் ஒரு தட்டு இருந்துச்சு.